பதினாலாம் அறைக் கட்டில்

என் அன்புச் சின்னம்மா,

நீங்கள் இருக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டா? எங்கள் வீட்டில் உண்டு. நீங்கள் அழைக்கும் பின்னேரம் நாலரை மணியானால் அப்பாவும் அம்மாவும் நானும் ஒருமுறை போனைப் பார்க்கிறோம். பிறகு பார்க்காதது போல வேறு வேலைக்குப் போய்விடுகிறோம்.

கல்லறைத் திருநாளுக்கு நம் கோயிலில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "சின்னம்மாவுக்கு நாலு வரி எழுதிக் குடு" என்று அப்பா சொன்னார். நாலு வரிக்குள் அடங்காத செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. நானும் அம்மாவும் இத்தாலிக்கு, உங்கள் பலெர்மோவுக்குப் போய் வந்தோம். நீங்கள் பன்னிரண்டு வருடம் அறை துப்புரவு செய்த அதே ஹோட்டலில் ஆறு நாள் தங்கினோம்.

உங்கள் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வரச்சொல்லி அங்குள்ள தமிழ்க் கோயில் சபையார் அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். உங்கள் அடக்கத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம், அதுவும் இடையில் இரண்டு தரம் நின்றுபோனது. அதனால் விசா கிடைத்த அன்று அம்மா பயணப் பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்தார். அப்பா துறைமுகத்தில் மீன் லொறியை விட்டு வர முடியாது என்று வீட்டில் நின்றுவிட்டார்.

உங்கள் ஹோட்டல் எனக்குப் புதிதல்ல. ஞாயிறுதோறும் நீங்கள் சொன்னதை வைத்து, ஒரு கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதன் படத்தைக் கீறி வைத்திருந்தேன். கீழே செருப்புக் கடை. முதலாம் மாடியில் சட்டத்தரணி. இரண்டாம் மாடியில் பல் வைத்தியர். மூன்றாம் மாடி மட்டும்தான் ஹோட்டல், பதினாறு அறைகள். நேரில் பார்த்தபோது லிப்டை மட்டும் நான் பிழையான பக்கத்தில் கீறியிருந்தேன். அந்த லிப்டில் இரண்டு பெட்டிகளோடு ஒருவர்தான் நிற்கலாம். அம்மாவை ஏற்றிவிட்டு நான் படியால் ஓடினேன். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

கட்டடத்துக்கு நம் மட்டக்களப்புக் கோட்டையின் வயது இருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஒரு பிரபுவின் மாளிகையாம். அந்தப் பெரிய மண்டபத்தைப் பலகைச் சுவரால் பிரித்து அறைகள் ஆக்கியிருக்கிறார்கள். பதினாலாம் அறைக் கூரை ஓவியத்தில் வானத்துச் சம்மனசு ஒன்றின் கால்களும் ஒரு செட்டையும் இருப்பதாகவும், தலை சுவருக்கு அங்கால் பதினைந்தில் இருப்பதாகவும் நீங்கள் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. நம்பாததற்கு மன்னியுங்கள். ஒரு பாதத்தில் ஐந்து விரல்கள், மற்றதில் ஈரம் ஊறி இரண்டு அழிந்து மூன்று.

"நீ ஓ.எல். சோதினை முடிச்சதும் உன்ன இஞ்ச கூப்பிடுவன். பதினாலில விடுவன். நான் வந்து கதவைத் தட்டுற வரைக்கும் நீ நித்திரை கொள்ளோணும், விளங்கிச்சா?" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? சோதனைக்கு முன்பே வந்துவிட்டேன். தட்டுவதற்குத்தான் நீங்கள் இல்லை.

உங்கள் ஹோட்டல் முதலாளி சின்யோராவுக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "ராணி" என்று உங்கள் பெயரை மட்டும் சொல்லி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி எழுதினார். அறையில் சமைக்கக் கூடாது என்ற அறிவித்தலை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். அம்மாவின் பெட்டிக்குள் அரிசிப் பானை இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது?

உங்கள் இடத்தில் இப்போது வேலை செய்பவர் ரெஜினா அக்கா. வெள்ளைத் தள்ளுவண்டியோடு நடையில் நின்ற அவரை அம்மா முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊர் புள்ள நீ?"

"பனிச்சங்கேணிக்கா. கலியாணம் முடிச்சு இஞ்ச வந்து மூணு வருசம்."

"பனிச்சங்கேணிப் பாலத்தால எத்தனை தரம் பஸ்ஸில போயிருப்பன். உன்ன இஞ்ச வந்துதான் காணோணும் எண்டு இரிக்கு."

"இந்த வேலைக்கு வந்து ரெண்டு கிழமைதான்கா. எனக்கு முன்னம் வந்த ரெண்டு பேரையும் சின்யோரா அனுப்பிட்டா. என்ன வைக்கிறதா அனுப்புறதா எண்டு வாற சனிக்கிழமை சொல்லுவாவாம்."

அவர் எங்களுக்குத் துணி அடுக்கும் அலுமாரியைத் திறந்து காட்டினார். அதன் கதவின் உட்பக்கம் ஓர் ஆணியில் வேலைக்குப் போடும் உங்கள் நீல மேலங்கி தொங்கியது. அதன் கீழே அகலமான ஒரு பட்டியும் தொங்கியது.

"இது என்ன?" என்று அம்மா கேட்டார்.

"இடுப்புக்குக் கட்டுறதுக்கா. ராணி அக்காட. கடைசியா ரெண்டு வருசம் இது இல்லாம அவவுக்குக் குனிய ஏலாது. கோயில்ல காணக்குள்ளயும் சட்டைக்குள்ள கட்டிக்கொண்டுதான் நிப்பா."

அம்மா அந்தப் பட்டியைச் சுருட்டினார், விரித்தார், திரும்பவும் அதே ஆணியில் மாட்டினார். நீங்கள் ஏன் எங்களிடம் ஒரு நாளும் முதுகு நோவென்று சொல்லவில்லை? போனில் உங்கள் முகம் மட்டும்தானே தெரிந்தது. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த நாள் நான் எழும்பியபோது ஐந்தரை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள் குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டார். நிலத்தை ஈரத் துவாயால் துடைத்துவிட்டார். தன் கட்டிலின் விரிப்பை நம் வீட்டில் பாய் சுருட்டுவது போல மடித்து, கால்மாட்டில் வைத்து, அதன் மேல் தலையணையை அடுக்கியிருந்தார். என்னையும் எழுப்பி என் கட்டிலையும் அப்படியே செய்தார். "வந்த இடத்தில படுக்கைய அப்படியே போட்டுட்டுப் போறதா? என்ன பழக்கம்?" என்றார்.

ஒன்பது மணிக்கு ரெஜினா அக்கா தட்டினார். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. நீங்கள் சொன்ன அதே முறை. அம்மா கதவைப் பாதி திறந்து, "எல்லாம் செஞ்சிட்டன் புள்ள. நீ போய்க் கொஞ்சம் இரி" என்றார். மூத்த ஒருவர் இப்படிச் சொன்னால் நம் ஊர்ப் பெண் எப்படி மறுப்பாள்? அவர் சிரித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். புதன்கிழமையும் அதே.

நாங்கள் ஊர் பார்க்கப் போனோம். மழையாலும் கால்களாலும் வழுவழுப்பான தெருக் கற்கள். சிவப்புக் குவிமாடங்களோடு ஒரு பழைய கோயில், பார்க்கக் காத்தான்குடிப் பள்ளிவாசல்களின் நினைவு வந்தது. சந்தையில் மீன்காரர்கள் கூவும் ராகம், வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஏலம் கூறுவது போலவே இருந்தது. அம்மா நின்று கேட்டுவிட்டு, "கூறுற விதம் சரி, மீன்தான் சின்னது" என்றார்.

வியாழன் காலை, உணவு அறையில் பொதிக்குள் இருந்த பிஸ்கற்றைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது நடையில் சின்யோராவின் குரல் கேட்டது. நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த இத்தாலி மொழியில் இருபது வரையான எண்கள் நன்றாகத் தெரியும். "குவாத்தொர்திச்சி" என்று அவர் மூன்று தரம் சொன்னார். பதினாலு. எங்கள் அறை.

நாங்கள் திரும்பியபோது ரெஜினா அக்கா எங்கள் அறைக்குள் நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன புள்ள நடந்த?"

"ஒண்டுமில்லக்கா."

"இவளுக்கு எண்ணிக்கை விளங்கும். பதினாலு எண்டு சொன்னாவாமே. சொல்லு."

"சின்யோரா அறை பார்க்க வந்தவ. கட்டில் ரெண்டும் மடிச்சு வச்சிரிக்கிறதப் பார்த்திட்டு, இதுதானா நீ படிச்ச வேலை, ரெண்டு நாளா விரிப்பும் மாத்தல்ல எண்டு ஏசிட்டா. சனிக்கிழமை பதினாலத்தான் முதல்ல பார்ப்பாவாம்."

"நாங்கதான் செஞ்ச எண்டு நீ சொல்லல்லையா?"

"எப்படிக்கா சொல்லுற? ராணி அக்காட அக்கா வந்து துவாயால நிலம் துடைச்சவ எண்டு சொல்லவா? சொன்னா, விருந்தாளிய வேலை செய்ய விட்டதுக்கு இன்னும் ஏசுவா."

அம்மா கட்டிலின் ஓரத்தில்கூட இருக்கவில்லை. நின்றபடியே, "நான் உன்ட வேலையக் குறைக்கத்தான் பார்த்தன், மகள்" என்றார்.

ரெஜினா அக்கா அம்மாவின் கட்டில் விரிப்பைப் பிரித்தார். கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அக்கா, இதில ஆரும் படுக்கல்லயே. நான் திங்கக்கிழமை போட்ட விரிப்பில அயன் பண்ணின மடிப்பு அப்படியே இரிக்கு. நீங்க எங்க படுக்கிற?"

அம்மா நிலத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக, நான் நித்திரையான பிறகு, அம்மா தன் சேலையை நிலத்தில் விரித்துப் படுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கவனிப்பேன் என்று பெருமைப்படும் நான்.

"தங்கச்சி இடுப்பில பட்டி கட்டிக் குனிஞ்சு குனிஞ்சு விரிச்ச கட்டில். அதில நான் எப்படிக் காலை நீட்டுற?" என்றார் அம்மா.

ரெஜினா அக்கா வண்டிப் பக்கம் திரும்பினார். புது விரிப்பை உதறிப் போட்டார். மூலைகளை உறை மடிப்பது போல மடித்துச் செருகினார். பிறகுதான் சொன்னார்.

"கோயில்ல ஒரு நாள் ராணி அக்காட்ட கேட்டன், ஆக்கள் கட்டிலை இப்படிக் குழப்பிப்போட்டுப் போறாங்களே, உங்களுக்குக் கோவம் வாறல்லையா எண்டு. ஏன்டி கோவம், குழம்பிக் கிடந்தா ஆரோ நல்லா நித்திரை கொண்டிரிக்காங்க எண்டு அர்த்தம், குழம்பாத கட்டிலைக் கண்டாத்தான் எனக்குக் கவலை எண்டு சொன்னா. இனி உங்கட பாடு. நான் சொல்லிட்டன்."

வெள்ளிக்கிழமை விடிய நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா அன்றும் நிலத்தில்தான் படுத்திருந்தார். எழும்பிப் பழக்கத்தில் என் கால்மாட்டுப் போர்வையை மடித்தார். நினைவு வந்ததும் அதைப் பிரித்துக் குழப்பினார். தன் கட்டில் விரிப்பையும் இழுத்துக் குழப்பினார். குழப்பியது ஒழுங்காக வரவில்லை என்று திரும்பவும் குழப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் போர்வைக்குள்ளேயே சிரித்தேன்.

அன்று பின்னேரம் உங்கள் பூசை. கோயில் நிறைய ஆட்கள். உங்களை இத்தனை பேருக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு கல்லறைக்குப் போனோம். சுவருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கல்லறைகளில் மூன்றாவது வரிசையில் உங்கள் பெயர், உங்கள் படம். மெழுகுதிரி கொளுத்த அம்மா எட்ட வேண்டியிருந்தது. எட்டி, உங்கள் பெயர் எழுதிய கல்லைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதை மட்டும் ஒருவரும் தடுக்கவில்லை.

அறைக்கு வந்ததும் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு, காலை நீட்டிப் படுத்தார்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு மணி அடித்தது. அம்மா எழும்பவில்லை. ஏழரைக்கு உணவு நேரம் வந்தது. நான் எழுப்பவில்லை. சம்மனசின் எட்டு விரல்களையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒன்பது மணிக்கு இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வா தங்கச்சி, திறந்துதான் இரிக்கு."

கதவுக்கு வெளியே ரெஜினா அக்கா வண்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "ஓம் அக்கா, வாறன்" என்றார்.

எங்கள் கட்டில் இரண்டும் அன்று கிடந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் விரிப்பில் ஒரு மூலை நிலத்தில் கிடந்தது. ரெஜினா அக்கா வேலையை முடித்துச் சின்யோராவைக் கூட்டி வந்தார். சின்யோரா குனிந்து மூலைகளைப் பார்த்தார், தலையணையைத் தட்டினார். ரெஜினா அக்காவிடம் ஏதோ சொன்னார். அதில் எண் ஒன்றும் இல்லாததால் எனக்கு விளங்கவில்லை. ஆனால் போகும்போது அலுமாரிக் கதவைத் திறந்து, ஆணியில் தொங்கிய உங்கள் நீல மேலங்கியை எடுத்து ரெஜினா அக்காவிடம் கொடுத்தார். அது விளங்கியது. பட்டியை அம்மாவிடம் கொடுத்தார்.

அன்று பதினைந்தாம் அறை காலியாக இருந்தது. ரெஜினா அக்கா அதைத் துப்புரவு செய்யும்போது என்னைக் கூப்பிட்டுச் சம்மனசின் தலையைக் காட்டினார். அது அம்மாவைப் போல இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால், இல்லை. மூக்கு உங்களுடையது. என் கொப்பிப் படத்தில் லிப்டைத் திருத்தி, இந்தத் தலையையும் கீறி முடித்துவிட்டேன்.

இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். வாவியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, மழை தொடங்கிவிட்டது. எனக்குச் சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அம்மா இப்போதும் ஐந்தரைக்கு எழும்பி முற்றம் கூட்டுகிறார். உங்கள் பட்டி எங்கள் அலுமாரிக் கதவில் தொங்குகிறது. போன கிழமை அரிசி மூட்டை தூக்கும்போது, ஒருவரும் சொல்லாமலே, அதை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

சின்னம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றம் கூட்டுவது நான். அம்மாவின் படுக்கையை மடிப்பதும் நான். முதல் பூசைக்கு நேரமாகும் வரை அவர் எழும்பத் தேவையில்லை. நான் போய்க் கதவைத் தட்டுவேன். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. அவர் யாரைக் கூப்பிட்டாலும், "ஓம், வாறன்" என்று சொல்வேன்.

உங்கள் பெறாமகள்,
டிலானி
வாழைச்சேனை