போத்தலில் இருந்த பற்கள்

என்னங்க,

‘அன்புள்ள’ன்னு எழுத கை வரல. நீங்க தூக்கிக் கொட்டுனது குப்பை இல்ல. கிளினிக்ல பிடுங்கிப் போடுற பல்லையெல்லாம் கெஞ்சிக் கேட்டு, கழுவி, போத்தல்ல மருந்துத் தண்ணி ஊத்திப் போட்டு வச்சிருந்தேன். வெளிநாட்டுல படிச்சவ இங்க பல் டாக்டராகணும்னா பரீட்சை எழுதணும். அதுல பல்லைக் குடைஞ்சு அடைச்சும் காட்டணும். அதுக்கு நான் வேற எதுல பழகுறது?

பழியை அத்தை மேல போட்டீங்க. அவங்களையே கேட்டேன். “எனக்கு அதைப் பார்த்தாலே பயம் தாயி. அவன்தான் கொட்டுனான்”னு அழுதாங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்னதுதான் தாங்கல: “கடைக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?”

என் படிப்பு ஒங்களுக்கு வெட்கமா? கல்லாவுல ஒக்காந்துகிட்டே படின்னீங்க. பருப்பு நிறுத்துக்கிட்டே படிச்சேன். இனி முடியாது.

லிந்துலையில அக்கா வீட்டுல இருக்கேன். அக்கா தோட்டத்து லயத்துல வீடு வீடாச் சொல்லி வச்சிருச்சு. பல்லு பிடுங்கப் போறவங்க அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து தர்றாங்க. காலையிலேருந்து இருட்டுற வரைக்கும் மேசை எனக்குத்தான். யாரும் கூப்பிடுறதில்ல.

“மாப்பிள்ளை எப்ப வந்து கூட்டிட்டுப் போவாரு?”ன்னு அக்கா கேக்குது. பரீட்சைக்கு முந்தின நாள் வாங்க. வீட்டுக்கு இல்ல, கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
ஒங்க சம்சாரம்