றிஸ்கான் அனுப்பாத படங்கள்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

என் பளீல் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் பிள்ளைகளும் அல்ஹம்துலில்லாஹ் சுகம். சரீப் காக்கா கட்டாருக்குத் திரும்புகிறார்; அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைத்தால் அழுகைதான் வருகிறது.

இன்னும் இரண்டு வருஷம் அங்கே நிற்கப்போவதாக நீங்கள் சொன்னதிலிருந்து நான் உங்களோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான், செவ்வாய் காலை, உங்கள் அறையில் இருக்கும் றிஸ்கானின் இலக்கத்திலிருந்து ஒரு ஸிப் பைல் வந்தது. அதன் பெயர் 'ஜனாஸா படங்கள்'. வேறு ஒரு சொல் இல்லை. உங்களுக்கு எடுத்தேன், போன் ஓஃப். றிஸ்கானும் எடுக்கவில்லை. நீங்கள்தான் போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன்.

நம் ஊர்ப் பழக்கம் தெரியும்தானே, ஒருவர் இறந்தால் ஜனாஸாச் செய்தியைப் பிந்தாமல் எல்லோருக்கும் எத்தி வைக்க வேண்டும். அடுத்த வீட்டு ஜெமீலா மாமி என் போனை வாங்கி, அதை அப்படியே குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிட்டார். பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே நம் வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கிவிட்டன.

நான் அதைத் திறக்கப் போனேன். தங்கச்சி இன்ஷிரா கையைப் பிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவள் அல்லவா. "பொறுங்க ராத்தா, படம் எண்டா படமா அனுப்புவாங்க, இப்பிடிக் கட்டி அனுப்ப மாட்டாங்க" என்றாள். தன் கம்ப்யூட்டரில் போட்டு, கட்டை அவிழ்க்காமலே உள்ளே கிடப்பவற்றின் பெயர்களை மட்டும் பார்த்தாள். ஒரு படமும் இல்லை. போனுக்குள் புகுந்து எல்லாவற்றையும் களவெடுக்கும் ஓர் அப் மட்டும் இருந்ததாம். றிஸ்கானின் வட்ஸ்அப்பை யாரோ களவாகப் பிடித்திருக்க வேண்டும் என்றாள். ஒருவரும் திறக்க வேண்டாம் என்று குரூப்பில் குரல் பதிவு போட்டுவிட்டு, எங்கள் போன்களிலிருந்து அதை அழித்தாள்.

அப்படியென்றால் மச்சான் சுகம்தானே என்று கேட்டேன். "அத அவர்ட வாயாலதான் கேக்கணும்" என்றாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நீங்களே அழைத்தீர்கள். வேலைத்தளத்தில் போனுக்குத் தடை என்றீர்கள். "என்ன புள்ள, கோபம் ஆறிட்டா" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல முன்பே ஜெமீலா மாமி போனைப் பறித்து, உயிரோடு இருந்ததற்காக உங்களைத் திட்டித் தீர்த்தார். வந்த கதிரைகள் வீண்போகவில்லை. எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

இனி யார் எதை அனுப்பினாலும், அனுப்பியவரின் குரலைக் கேட்காமல் திறக்க மாட்டேன். கோபமும் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு வருஷம் மிகவும் கூடுதல் மச்சான். அல்லாஹ் உங்களைச் சுகமாக வைக்கட்டும். வருகிற நாளை எனக்குச் சொல்லாமலே வாருங்கள். கதவை மட்டும் யாரென்று கேட்காமல் திறப்பேன்.

உங்கள்
சுல்பிகா