பத்தொன்பதாவது விடை

அண்ணி,

நீங்கள் அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. பீங்கான் கம்பெனி வேலை முடிந்து, ஆங்கில வகுப்புக்கும் போய்விட்டு எட்டரைக்கு வருவேன். தூதரகத்திலிருந்து திரும்பி வந்த பாஸ்போர்ட்டும் கல்யாணப் போட்டோக்களும் பீரோவில் இருக்கின்றன. சாவி அரிசிப் பானைக்குள்.

நேற்று அம்மா, "நாலு வார்த்த இங்கிலீஷு வரல, இவளுக்கு எப்படி விசா குடுப்பாங்க?" என்றபோது நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணனிடம் போக விசா கேட்டபோது, அந்தத் தூதரக அதிகாரி தமிழில்தானே கேட்டார், "உங்க வீட்டுக்காரருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று. நீங்களோ நான் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யவைத்த பத்தொன்பதாவது விடையை ஆங்கிலத்தில் ஒப்பித்தீர்கள். "என் கணவர் எல்லா உணவையும் விரும்பி உண்பார்" என்பதுதான் அது. யாரோ சொல்லிக்கொடுத்த பேச்சு இது, கல்யாணமே உண்மைதானா என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள்.

ஒத்திகையில் நீங்கள் சொன்னது வேறு. "அவுருக்குக் கருவாட்டுக் கொழம்பு. அதுவும் மறுநாள் சுட வச்சாத்தான் எறங்கும்." நான்தான், "ஐயோ அண்ணி, சிரிப்பாங்க" என்று அதை அடித்தேன். அண்ணனோடு குடும்பம் நடத்தியவருக்கு மட்டுமே தெரிந்த விடை அது.

நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மறுபடி விண்ணப்பிப்போம். இந்த முறை உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள்.

இளமதி

நேற்றைய குழம்பைச் சுட வைத்திருக்கிறேன். பட்டினி கிடக்காதீர்கள்.

காலையில் திட்டக்குடிக்குப் போன அம்மா பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். அவரிடம் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் படிக்கட்டும் என்றுதான் இதை மடிக்காமல் அடுப்படியில் வைக்கிறேன்.