கடுகு என்று நான் சொன்ன சன்னங்கள்

என் அன்பு அப்பா,

போன ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. அன்று நடந்ததை மாமி உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

துவக்கையும் வெடிமருந்தையும் உங்கள் சுடும் சங்கத்தார் முறைப்படி முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது, நீங்கள் வீட்டில் தோட்டா நிரப்ப வைத்திருந்த ஈயச் சன்னம், அந்தக் குட்டிக் குண்டுகள், மட்டும். நிலக்கீழ் அறையில் அவை எவ்வளவு ஒழுங்காக இருந்தன! ஒவ்வோர் அளவுக்கும் ஒரு போத்தல். ஈயம் பாரம் என்பதால் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டீர்கள். உள்ளே இருப்பதில் ஒன்றை மூடியில் ஒட்டிவைப்பீர்கள், கண்ணாடி போடாமலே விரலால் தடவி அறிவதற்கு.

உங்கள் செத்தவீட்டில் ஒருவர் என் காதுபடச் சொன்னார்: “ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனுசன். இஞ்சை வந்து ஆசைக்குச் சுட்டவராம்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நான் மேலே எறியிற களிமண் தட்டைத்தான் சுடுறன் பிள்ளை, அதுக்கு நோகாது” என்று நீங்கள் சொல்வது எனக்கு நினைவு வந்தது. ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து போனேன்.

அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கதிரை போட நிலக்கீழ் அறை தேவைப்பட்டது. போத்தல்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் மேலே தூக்கி வந்தேன். பெயர்த் தாள்களைக் கிழித்தேன். மூடியில் ஒட்டியிருந்த சன்னங்களையும் நகத்தால் பெயர்த்துக் குப்பையில் போட்டேன். பிறகு, ஈயம் நஞ்சு, வரவே கூடாது என்று நீங்கள் சொன்ன சமையலறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன்.

மாமி ரசத்துக்குத் தாளிக்க வந்தா. “ஆரணி, உதென்ன போத்தல்? கடுகே?”

வாசலில் ஆட்கள் நின்றார்கள். “ஓம் மாமி” என்றேன்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் “பொறுங்கோ” என்பதற்குள் மாமி ஒன்றைத் தூக்கிவிட்டா. “இதென்னடி, கடுகு இந்தப் பாரம்?” கை வழுக்கியது. பக்கத்துப் போத்தல்களும் சேர்ந்து சரிந்து, மூடிகள் கழன்றன. சன்னங்கள் சமையலறையைத் தாண்டி, வரவேற்பறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கால்களுக்கு இடையில் உருண்டன.

செத்தவீட்டில் கதைத்த அதே மனிதர் ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இது சன்னமெல்லே?”

“ஓம், அவரின்ரை சன்னம்தான்” என்றா அம்மா. எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னா. பிறகு என்னிடம் திரும்பி, மெல்ல: “உனக்கு ஏன் பிள்ளை அது கடுகாப் போச்சு?”

நீங்கள் அதைக் கேட்டிருந்தால், அப்பா, கோபித்திருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

சன்னம் விழுந்த ரசத்தை அம்மா வெளியே ஊற்றிவிட்டா. நிலத்தை நானே கழுவினேன். மூன்று அளவுகள் ஒன்றாகக் கலந்துபோய்விட்டன. பாடசாலை விட்டு வந்ததும் கையுறை போட்டு நிலக்கீழ் அறையில் உட்கார்ந்து பிரிக்கிறேன். பெரியவற்றைத் தெரிவது சுலபம். சிறிய அளவுகள் இரண்டும் என்னை ஏமாற்றுகின்றன. உங்கள் விரலுக்கு எப்படித் தெரிந்தது?

சனிக்கிழமை சங்கத்தில் உங்கள் நினைவாகத் தட்டு சுடுகிறார்கள். உங்கள் சன்னத்தைக் கேட்டிருக்கிறார்கள். மூடிக்கு ஒன்றாக மறுபடி ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ரயிலில் யாராவது தமிழர் “உதென்ன பிள்ளை, இவ்வளவு பாரம்?” என்று கேட்டால், “அப்பாவின்ரை சன்னம்” என்று சொல்லுவேன். யாரும் கேட்காவிட்டால், பையைத் திறந்து மடியில் வைத்திருப்பேன்.

உங்களை ஒளித்துவைக்கப் பார்த்த,
உங்கள் மூத்த மகள்
ஆரணி