பன்னிரண்டாவது கையெழுத்து

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே காற்று. குடையை விரித்தால் குடை என்னை இழுக்கிறது. மழை மட்டும் வாசுதேவநல்லூரோடு நின்றுவிட்டது, எங்கள் ஊருக்கு வரவில்லை.

இன்று: கேஸ் புக். ஸ்கூட்டி பின் டயர். லைன் வீடுகளில் கையெழுத்து.

ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய, நகராட்சியின் அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் இருப்பவர்கள் வயதான வாடகைதாரர்கள். கூரை மரம் உளுத்துவிட்டது. போன வாரம் ஒரு வீட்டில் ஓடு சோற்றுப் பானைக்குள் விழுந்தது. இடித்துவிட்டு அதே இடத்தில் அவர்களுக்கே புது வீடுகள். வரைபடம் என்னுடையது. பணி மேற்பார்வையாளராகப் பதினோரு வருடம், இதுவரை வரைந்ததெல்லாம் சாக்கடையும் சிறு பாலமும். இதில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ், உட்காரும் கழிப்பறை, படிக்குப் பதில் சாய்தளம். கொஞ்சம் கர்வம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

பன்னிரண்டு வீட்டாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் வைப்பார்கள். தவறினால் அங்கே பைக் ஸ்டாண்டு வரும் என்று ஒரு பேச்சு.

பதினொன்று கிடைத்தது. சுப்பையா அண்ணாச்சி மட்டும் மாட்டேன் என்றார். முப்பது வருடம் ஊருக்குக் குடிதண்ணீர் வால்வு திறந்துவிட்டவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நான் வரலம்மா."

ஏன் என்று கேட்டதற்குத் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

வாஸ்துவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அடுப்பைத் தென்கிழக்குக்கு மாற்றி, கழிப்பறையை ஈசான மூலையிலிருந்து நகர்த்தி. அரை நாள் போச்சு. கொண்டுபோய்க் காட்டினால்:

"அடுப்பு எங்கன இருந்தா எனக்கென்ன? நான் ஓட்டல்லதான சாப்பிடுதேன்."

வந்த கோபத்துக்கு அளவில்லை. பொறியாளர் சார் வழி சொன்னார்: "அவர காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுங்க. பெறகு பதினொண்ணே போதும்." டைப் அடித்தும் கொடுத்துவிட்டார். எழுபத்து நாலு வயதுக்காரர் எங்கே போவார்? கொடுக்கவில்லை. பையில் கிடக்கிறது.

மாவு புளித்துவிட்டது. நாளை ஊத்தப்பம்.

ஜூன் 18, புதன்

காற்று அடங்கவில்லை. கண் முழுக்க மண்.

அண்ணாச்சியின் பக்கத்து வீட்டு வேலம்மாள் என்னைத் தனியாக இழுத்து: "நீங்க அடுப்பையும் கக்கூஸையுமே கேட்டுக்கிட்டு நிக்கீய. அவுக பொண்டாட்டிய எப்பிடி வெளிய எடுத்தோம்னு கேளுங்க."

கேட்டேன். சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார். மனைவி போன ஐப்பசியில் இறந்திருக்கிறார். குளிப்பாட்ட வாசலுக்குக் கொண்டுவர, அந்தப் பெஞ்சோடு தூக்கியிருக்கிறார்கள். கூடத்திலிருந்து வாசலுக்குப் போகும் குறுகிய நடையின் வளைவில் பெஞ்சு திரும்பவில்லை.

"நிக்க வச்சுக் கொண்டு வந்தோம்மா. உசுரு போனவள, நாலு பேரு புடிச்சு. தல தொங்கிட்டு. தெருவே பாத்துச்சு. நீங்களும் அதே மாரி ஒரு திருப்பம் போட்டிருக்கீய."

பார்த்தேன். இடத்தை மிச்சப்படுத்த, மூன்றடி நடையை ஒடித்துத் திருப்பியிருக்கிறேன். என் கர்வமே அந்தத் திருப்பம்தான். "முதியோர் குடியிருப்பு" என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, அவர்கள் அங்கேயே சாவார்கள் என்பதை மறந்திருக்கிறேன். வெட்கம். ஸ்கூட்டியில் வரும்போது அழுகையும் வந்தது.

ஜூன் 19, வியாழன்

முழுவதும் மாற்றி வரைந்தாயிற்று. நடை நேர். கதவு நாலடி. சாய்தளம் பக்கவாட்டில். அலமாரி ஒன்று குறைந்தது, குறையட்டும்.

தாளை இனி நம்ப மாட்டார். அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதைப் போல, லைன் வீடுகளுக்குப் பின்னால் காலி மனையில் சுண்ணாம்புத் தூளில் ஒரு வீட்டை முழு அளவில் போட்டேன். காற்று பாதியை அள்ளிக்கொண்டு போக, வேலம்மாள் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். பத்து மணிக்குள் பன்னிரண்டு வீட்டாரும் வந்துவிட்டார்கள். இல்லாத சன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். "ஏ, செவுத்த மிதிக்காதீய, கதவு வழியா வாங்க!" என்று ஒரே கூச்சல்.

அண்ணாச்சி கதவுக் கோட்டைக் காலால் அளந்தார். திரும்பிப் போனார். போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டுக்குள், கூடத்தில் போட்டு, கால் வாசலைப் பார்க்க மல்லாந்து படுத்தார்.

"தூக்குங்கடே."

"உசுரோட இருக்க மனுசன், என்ன கூத்து இது!" என்று வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினார்கள். கூடம், நடை, கதவு. எங்கும் சாய்க்கவில்லை. ஒரு கோடு கலையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத்தான் முடியவில்லை.

படுத்தபடியே பேனா கேட்டார். நெஞ்சின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெஞ்சை இறக்கப் போனார்கள்.

"எறக்காதீய. உள்ள கொண்டு போங்க. பத்து வருசமாவது இருந்துட்டுல்லா வெளிய வரணும்."