வாசலுக்கு வராத ஆர்கன்காரனுக்கு

மாப்ள,

நேத்து ஒரு கல்யாணம். ஒன் சர்ச்சுலதான். வழக்கம் போல நான் வெளிய, வெயில்ல, செவப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு கிளார்நெட்டோட நிக்கிறேன். கதவத் தெறந்தாய்ங்க. உள்ள இருந்து குப்புன்னு அந்த வாசம் வந்துச்சு. பாச்சா உருண்டை வாசம். ஆர்கன் பொட்டிக்குள்ள எலி ஏறிரக் கூடாதுன்னு மூலைக்கு மூலை போட்டு வப்பியே, அதுதான். ஒன் சட்டையிலயும் எப்பவும் அந்த வாசந்தான் அடிக்கும். டீக்கடையில நீ பக்கத்துல வந்து உக்காந்தா, பழைய பீரோவத் தெறந்து வச்ச மாதிரி இருக்கும். அதச் சொல்லி ஒன்னைய ஓட்டாத நாளு உண்டா? நேத்து அந்த வாசம் மூக்குல ஏறுனதும் எனக்கு வாயில கிளார்நெட்டு ரீடு நிக்கலை. எச்சி காஞ்சு போச்சு.

நான் அஞ்சாப்போட நின்னவன்னு ஒனக்குத் தெரியும். எழுத்து கோணமாணையாத்தான் வரும். நீ படிக்கப் போறதில்லைங்கிற தைரியத்துல எழுதுறேன்.

ஒன் மேல எனக்குப் பொறாமை மாப்ள. செத்துப் போன மனுசன் மேல பொறாமைப்படுறது அசிங்கம்னு எங்க வீட்ல சொல்லுறா. உயிரோட இருந்தப்பயும் பட்டேன். நீ செத்துட்டங்கிறதுக்காக நிறுத்திப்புடணுமா என்ன?

பழங்காநத்தத்துல ரெண்டு பேரும் எதுத்த எதுத்த வீடு. ஒன் வீட்ல பியானோ, என் வீட்ல கிளார்நெட்டு. காலையில நீ பியானோ முன்னால உக்காந்தா தெருவே அடங்கிரும். பால்காரரு கூட பெல்லு அடிக்காம சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போவாரு. நான் ரீட நனைச்சு ஒரு ஊது ஊதுனா, நாலு வீட்ல சன்னலச் சாத்துவாய்ங்க. ஒரு நா எங்க வீட்டுக்காரி சொன்னா: "எதுத்த வீட்டு அண்ணே வாசிச்சா மனசு லேசாகுது. நீங்க வாசிச்சா, யாரு செத்தான்னு கேக்கத் தோணுது." அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. எனக்குப் பொங்கிப் போடுறவ, காத மட்டும் எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டா பாரு.

இது மட்டுமா? ஒன்னையச் சின்னப் புள்ளையில இருந்து கெழடு வரைக்கும் 'சார்'ன்னுதான் கூப்புடும். என்னைய 'யோவ் பேண்டு'. நீ ஃபேனுக்கு அடியில, வழவழன்னு இருக்கிற பெஞ்சுல உக்காந்து வாசிப்ப. நான் கோட்டுக்குள்ள வெந்துக்கிட்டு நிப்பேன். கல்யாணத்துல ஒனக்கு முதப் பந்தி, பாதிரியார் பக்கத்துல. எங்களுக்குக் கடைசிப் பந்தி, அதுல கறி தீந்து கொழம்புதான் இருக்கும். நீ ஒரு துண்டு கேக்க டிஸ்யூல மடிச்சு பைக்குள்ள வச்சுக் கொண்டாந்து தருவ. அதுலயும் எனக்கு எரிச்சல்தான். திங்காமயும் இருக்க மாட்டேன். பாச்சா உருண்டை வாசத்தோடயே திம்பேன்.

நம்ம சண்டை என்னமோ வாசப்படிச் சண்டைதான். சர்ச்சுக் கல்யாணத்துல எல்லாத்துக்கும் தெரிஞ்ச வழக்கம் அது. உள்ள இருக்கிற வரைக்கும் ஆர்கன். பொண்ணு மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுட்டு நடந்து வாசப்படியத் தாண்டிட்டா, அந்த நிமிசத்துல இருந்து பேண்டு செட்டு. நீ என்னடான்னா, அவுக கெளம்புறப்ப ஒனக்குப் புடிச்ச அந்த ஜெர்மன்காரனோட பாட்டு ஒண்ண எடுப்ப. பக்கம் பக்கமாப் போகும். பொண்ணு மாப்பிள்ளை வெளிய வந்து போட்டோ புடிச்சு, கார்லயும் ஏறிருப்பாக. நீ உள்ள இன்னும் வாசிச்சுக்கிட்டே இருப்ப. பெஞ்சுல ஒரு ஈ காக்கா இருக்காது. கூட்டிப் பெருக்குறவுக வெளக்கமாத்தோட காத்துக்கிட்டு நிப்பாக. அவுக காலு வாசப்படியில பட்டதும் நான் எங்க பயலுகளுக்குக் கைய ஆட்டிருவேன். பெரிய ட்ரம்மு முழங்குச்சுன்னா ஒன் ஆர்கன் எங்க போகும்? சும்மாச் சொல்லக் கூடாது, அதுல எனக்கு ஒரு ருசி.

"என் கடைசிப் பக்கத்த ஒரு நாளாச்சும் முழுசா விடுறியாடா?"ன்னு நீ டீக்கடையில வந்து கேப்ப. நீ ஒரு நாளாச்சும் வாசலுக்கு வந்து என் பாட்டு ஒண்ண முழுசாக் கேட்டியான்னு நான் கேப்பேன். டீ ஆறிப் போகும்.

அந்த ஜெர்மன்காரன் மேலதான் எனக்குப் பெரும் பொறாமை. ஒன் பியானோவுக்கு மேல அவன் படத்த மாட்டி வச்சிருந்த. தலையில செம்மறியாட்டு ரோமம் மாதிரி ஒரு விக்கு. செத்து எத்தனையோ தலைமொறை ஆச்சு, இன்னும் அவனத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்த. அவனுக்கு இருபது பிள்ளைகளாம், அம்புட்டையும் வளத்துக்கிட்டு சர்ச்சுக்கு வாரத்துக்கு ஒரு பாட்டுப் போட்டானாம், நீ சொல்லுவ. இருபது பெத்தவனுக்கு வீட்ல உக்காரவே எடம் இருந்திருக்காது, அதான் சர்ச்சுக்கு ஓடிருக்கான்னு நான் சொல்லுவேன். அப்புறம் இன்னொருத்தன், காது கேக்காமயே பாட்டுப் போட்டவன். செவிடன் போட்ட பாட்டு, ஆளில்லாத சர்ச்சு, நல்ல பொருத்தம்னு ஒரு வாட்டி சொல்லிப்புட்டேன். ரெண்டு நாளு என்னோட பேசலை நீ. என்னையப் பத்தி யாரும் கேலி பண்ணுனா சேந்து சிரிப்ப. அந்தச் செவிடனச் சொன்னா மட்டும் கோவம்.

எனக்கும் ஒரு நாளு வந்துச்சு. கரண்டு கட்டான கல்யாணம். பொண்ணு நடைபாதையில பாதி தூரம் வந்துருக்கு, ஆர்கனுக்குக் காத்து அடிக்கிற மோட்டாரு நின்னு போச்சு. ஒன் ஆர்கன் உஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டுப் படுத்துருச்சு. பொண்ணு நிக்கிது, அப்பன்காரர் முழிக்கிறாரு. ஒருத்தரு வெளிய ஓடியாந்து, "அண்ணே, உள்ள வாங்கண்ணே, எதையாச்சும் வாசிங்கண்ணே"ங்கிறாரு. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்தேன். வெறுங்காலுக்கு அந்தத் தரை எம்புட்டுக் குளுகுளுன்னு இருந்துச்சு தெரியுமா? நீ கையக் கட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்த. நான் ஒனக்கு நேரா நின்னு வாசிச்சேன். பொண்ணுக்கா வாசிச்சேன்? ஒனக்குத்தான். மேல கூரை வரைக்கும் போயி என் சத்தமே எனக்குத் திரும்பி வருது. அப்படி ஒரு சத்தம் எங்கிட்ட இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். நீ தலையக் குனிஞ்சிருந்த. கேக்குறியா, கடுப்புல இருக்கியான்னு தெரியலை.

பாதியில கரண்டு வந்துச்சு. மோட்டாரு ஓடுச்சு. நான் இன்னும் சரணத்தத் தொடவே இல்ல. நீ ரெண்டு கையையும், கீழ்க்கட்டையில ரெண்டு காலையும் ஒண்ணா எறக்குன பாரு, என் கிளார்நெட்டு ஆத்து வெள்ளத்துல விழுந்த செருப்பு மாதிரி போயிருச்சு. நான் வாயில கொழல வச்சுக்கிட்டே நிக்கிறேன். ஒருத்தர் கையக் காட்டி, போங்கங்கிறாரு.

சாயங்காலம் டீக்கடையில ஏன்டா அப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். நீ கிளாஸப் பாத்துக்கிட்டே சொன்ன: "கரண்டு வந்துருச்சு மாப்ள. நான் என்ன செய்ய?"

அம்புட்டுத்தான். நல்லா வாசிச்சன்னும் சொல்லலை, மோசம்னும் சொல்லலை. மோசம்னு சொல்லிருந்தா நாலு வசவு வஞ்சுட்டு மறந்துருப்பேன்.

அப்புறம் ரொம்ப நா கழிச்சு நீயே ஒரு கதை சொன்ன. அந்த விக்குக்காரன் எளவட்டமா இருந்தப்ப, தூரத்து ஊருல ஒரு கெழவன் ஆர்கன் வாசிக்கிறான்னு கேள்விப்பட்டு, அதக் கேக்க நடந்தே போனானாம். மதுரையில இருந்து மெட்ராசுக்குப் போற தூரமாம். சொல்லுறப்ப ஒன் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. ஒருத்தன் வாசிக்கிறதக் கேக்க இன்னொருத்தன் அம்புட்டுத் தூரம் நடந்திருக்கான்ல, ஒன் பெஞ்சுல இருந்து வாசப்படி எம்புட்டுத் தூரம்டான்னு கேட்டேன்.

"நான் எந்திரிச்சு வந்துட்டா கடைசிப் பக்கத்த யாருடா வாசிக்கிறது?"ன்ன.

"கேக்க யாருடா இருக்கா உள்ள?"

"நீ கையாட்டாம நின்னா, நீ இருப்ப"ன்ன.

டீக்குக் காசக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அடுத்த கல்யாணத்துல முன்னவிட சீக்கிரமாக் கைய ஆட்டுனேன்.

ஒனக்குச் சக்கரை வந்து இடது கால்ல வெரலு எடுத்தாக. பெரியாஸ்பத்திரியில வந்து பாத்தப்ப, இனிமே நீயும் என்னைய மாதிரி கையையும் வாயையும் வச்சுப் பொழைச்சுக்கன்னு சொன்னேன். நீ சிரிச்ச. ஆனா திரும்ப ஆர்கன்ல உக்காந்தப்ப அடிச்சத்தம் இல்ல மாப்ள. காலால வாசிப்பியே, தரையில இருந்து கெளம்பி என் நெஞ்சுக்கூட்டுக்கு வருமே, அந்தச் சத்தம் அரைகொறையா வந்துச்சு. உள்ள இருந்தவக யாரும் அதப் பத்திப் பேசலை. நான் வெளிய நின்னுக்கிட்டு யாரையோ காரணமில்லாம வஞ்சேன்.

நீ போன அன்னைக்கு பேண்டு வேண்டாம்னு ஒன் மகதான் சொல்லுச்சு. அழுத கண்ணோட வந்து, "அப்பாவுக்கு பேண்டு பிடிக்காது மாமா, தப்பா நெனைக்காதீங்க"ன்னுச்சு. பிடிக்காதுன்னு அவன் முழுசாக் கேட்டுட்டுச் சொல்லலையேம்மான்னேன். அது என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. அப்புறம், "சரி, வாசிங்க மாமா"ன்னுச்சு.

உள்ள ஆர்கன் வாசிச்சது ஒங்கிட்டப் படிச்ச கண்ணாடிப் புள்ள. ஸ்கூல்ல மியூசிக் டீச்சரா இருக்கே, அதுதான். சவப்பொட்டி கெளம்புறப்ப ஒன் ஜெர்மன்காரன எடுத்துச்சு. பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசப்படிக்கு வந்துட்டாய்ங்க. எங்க பயலுக எல்லாம் என் கையவே பாக்குறாய்ங்க. உள்ள ஆர்கன் ஓடுது. நான் கையக் கீழயே வச்சிருந்தேன்.

"அண்ணே, ஆரம்பிங்கண்ணே, வெயிலு கொளுத்துது"ன்னு தூக்கிட்டு நின்னவரு சொல்லுறாரு.

"உள்ள முடியலைல்ல. பொறுங்க"ன்னேன்.

திருந்திட்டேன்னு நெனைக்காத. அந்தக் கடைசிப் பக்கத்துல அப்படி என்ன எழவுதான் இருக்குன்னு பாக்கணும்ல? கேட்டேன். மேல ரெண்டு கையும் ஒண்ண ஒண்ணு வெரட்டிக்கிட்டு ஓடுது. கீழ காலு ஒரே சத்தத்தப் புடிச்சுக்கிட்டு அசையாம நிக்கிது. ஓடுனதெல்லாம் களைச்சுப் போயி, கடைசியில அதுக்கிட்டயே வந்து உக்காருது. அப்புறம் நிக்கிது. அந்த நிக்கிறது இருக்கே மாப்ள, நான் ஊதுன எந்தப் பாட்டுக்கும் அப்படி ஒரு முடிவு இருந்ததில்ல. எங்க பாட்டெல்லாம் ஆளு வண்டியில ஏறுனதும் நின்னுரும். நல்லா இருந்துச்சு, போ. அதனாலதான் இன்னும் கடுப்பா இருக்கு.

சத்தம் அடங்குச்சு. கைய ஆட்டுனேன். நீ மூஞ்சியச் சுளிப்பியே, அந்த சினிமாப் பாட்டத்தான் எடுத்தேன். நடந்துக்கிட்டே வாசிக்கிறதுதான் வழக்கம், நான் நின்ன எடத்துலயே நின்னு வாசிச்சேன். ஒன்னையத் தூக்குனவய்ங்களும் எனக்காக நின்னாய்ங்க. பல்லவி, மொதச் சரணம், ரெண்டாஞ் சரணம், திரும்பப் பல்லவி. ஒண்ணையும் விடலை. நடுவுல ட்ரம்முக்காரனக் கொஞ்சம் அடிக்க விட்டுட்டு, மூச்சு வாங்கிட்டு, திரும்பப் புடிச்சேன். பாதியில எந்திரிச்சுப் போக முடியலைல்ல ஒன்னால?

நேத்து கல்யாணத்துல அந்தக் கண்ணாடிப் புள்ள வாசிச்சு முடிச்சுட்டு, ஆர்கனுக்குப் போடுற சூவக் கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்துச்சு. படியில நின்னு நான் வாசிச்ச பாட்ட முழுசாக் கேட்டுச்சு. நான் இத்தன வருசமாக் கேட்டது அதுதானே? வந்துருச்சு. ஆனா சந்தோசம் வரலை. கிட்ட வந்து, "சூப்பரா வாசிச்சீங்க தாத்தா. சார் ஒங்க பாட்ட ஒரு தடவ கூட முழுசாக் கேட்டதில்லையாமே?"ன்னுச்சு.

"யாரு சொன்னது? கேட்டான். ஒரே ஒரு வாட்டி"ன்னேன்.

"என்ன சொன்னாரு?"

கோட்டக் கழட்டி மடிச்சு வச்சுட்டு வந்துட்டேன்.

ராவெல்லாம் அதே நெனப்புத்தான். இப்ப நீ அந்த விக்குக்காரன் பக்கத்துல உக்காந்திருப்ப. அவன் வாசிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, ஆகா ஓகோன்னு சொல்லிக்கிட்டு இருப்ப. அவனுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும் ஒனக்கு. அந்தப் புள்ள கேட்டத நானும் ஒங்கிட்டக் கேக்குறேன். அன்னைக்கு வாசப்படியில வாசிச்சேன்ல, நல்லா இருந்துச்சா இல்லையாடா?