இடம் மாறிய மணிக்கூண்டு

அன்புத் தம்பிக்கு,

வீட்டுக்கு வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா நம்மை விட்டுப் போன பிறகு, தன்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர் கையில் கொடுத்தனுப்பிய படத் தபாலட்டை ஞாபகமிருக்கிறதா? ஒரு பாலம், அதன் இடப்பக்கம் மணிக்கூண்டு. பின்னால், "ரொம்ப தூரத்துல இருக்கேன், தேடாதீங்க" என்று எழுதியிருந்தார். நாம் எத்தனை நாள் அட்லஸைப் புரட்டியிருப்போம்! வாரத்துக்கு ஒரு நாட்டில் நீ அந்தப் பாலத்தைக் கண்டுபிடித்தாய்.

நேற்று அம்மாவைக் கண்ணாடி முன் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அந்த அட்டையைப் படம் வெளியே தெரிய நெஞ்சோடு பிடித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் மணிக்கூண்டு வலப்பக்கம் நின்றது.

தம்பி, அது நான் தினமும் வேலைக்குப் போகிற பாலம்.

ஃபிலிமைப் புரட்டிப் போட்டு, படம் இடவலம் மாறி அச்சாகிவிட்ட கழிவு அட்டை அது. அச்சகத்தில் அச்சுக்கான ஃபிலிமை ஒட்டித் தருகிற அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

"அம்மா, இது நம்ம பாலம்மா" என்றேன்.

"வந்த அன்னைக்கே தெரியும். பக்கத்துல இருந்துக்கிட்டே அவர் வரலன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் எப்படிடி சொல்றது?" என்றாள்.

அவள் தலையில் மிச்சமிருந்த சிக்கையும் எடுத்தேன்.

நீயும் ரொம்ப தூரம் என்கிறாய். நம்புகிறேன். படம் எதுவும் அனுப்பவேண்டாம்.

அம்மா இப்போதெல்லாம் உன்னைக் கேட்பதே இல்லை.

அக்கா